27 கோல்களும் ஒரு முழங்காலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கால்பந்து ஆடப் போன நடுக்கள ஆட்டக்காரர்களில் ஆகப் பெரியவர் தென்கொரியாவின் பார்க் ஜி-சுங் என்று எழுதியிருந்தீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட்டில் ஏழு சீசன் இருந்து 27 கோல்தான் அடித்தார். கொரியாவில் ஜெர்சி விற்கத்தான் அவரை வாங்கினார்கள் என்று அப்போதே பேச்சு இருந்தது. ஓடிக்கொண்டே இருந்தார் என்பதைத் தவிர அவரிடம் என்ன இருந்தது? பள்ளி அணியில் மிட்ஃபீல்டராக ஆடும் என் மகனும் இதையேதான் கேட்கிறான்.

அன்புடன்,
ஒரு வாசகர் (பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

ஜெர்சி பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். 2005-இல் அவரை வாங்க யுனைடெட் கொடுத்தது சுமார் 40 லட்சம் பவுண்டு. ஜெர்சி விற்பதற்காக வாங்கிய ஆளை, ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பார்சிலோனாவுக்கு எதிராக எந்தப் பயிற்சியாளரும் இறக்கமாட்டார். அப்போதைய யுனைடெட் பயிற்சியாளர் பெர்குசன் நிச்சயமாக மாட்டார்.

அப்புறம் கோல் கணக்கு. 2010 மார்ச் 10, யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் இத்தாலியின் ஏ.சி. மிலானுடன் நடந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மிலானின் ஆட்டம் முழுக்க அதன் நடுக்கள ஆட்டக்காரர் ஆந்திரேயா பிர்லோவின் காலிலிருந்துதான் தொடங்கும். அவர் தலையைத் தூக்கிப் பார்க்க இரண்டு நொடி கிடைத்தால் போதும், பந்து எங்கே போய் விழவேண்டுமோ அங்கே விழும். அந்த இரண்டு நொடியைக் கொடுக்காமல் இருப்பதுதான் அன்றைக்கு பார்க்குக்குத் தரப்பட்ட வேலை. பிர்லோ திரும்பினால் பார்க் நிற்கிறார், பின்வாங்கினால் கூடவே போகிறார். யுனைடெட் 4-0 என்று வென்றது. மூன்றாவது கோல் பார்க் அடித்தது. ஆனால் நான் சொல்ல வருவது அந்தக் கோலை அல்ல. பிர்லோவிடமிருந்து வராமலே போன பாஸ்களை எந்தப் புள்ளிவிவரப் பலகையும் காட்டாது. பிர்லோவுக்குத் தெரிந்திருந்தது. பார்க் தன் முதுகை விட்டு விலகவே இல்லை என்று பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதினார்.

வெறும் ஓட்டம் என்கிறீர்கள். எங்கே ஓடவேண்டும், எப்போது ஓடாமல் நிற்கவேண்டும் என்று தெரிவது மூளை வேலை. காலில் வேகம் இருக்கிற எல்லோருக்கும் அது வந்துவிடாது.

அவர் எங்கிருந்து அங்கே வந்தார் என்பதையும் பாருங்கள். சின்ன உடம்பு, தட்டைப் பாதம். கொரிய கிளப்புகள் அவரைப் பொருட்படுத்தாததால்தான் 2000-இல் ஜப்பானின் கியோட்டோ அணிக்குப் போனார். 2002 உலகக் கோப்பையில் போர்ச்சுகலுக்கு எதிராகக் கோல் அடித்துவிட்டு கொரிய அணியின் பயிற்சியாளர் கூஸ் ஹிட்டிங்க்கிடம் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது பலருக்கும் நினைவிருக்கும். அடுத்து வந்த காலம் அவ்வளவாக யாருக்கும் தெரியாது. ஹிட்டிங்க் அவரை நெதர்லாந்தின் பி.எஸ்.வி. ஐந்தோவனுக்கு அழைத்துப் போனார். முழங்கால் அடிபட்டு அறுவை சிகிச்சை. திரும்பி வந்தால் சொந்த ரசிகர்களே அவர் பந்தைத் தொட்டதும் கூச்சல் போட்டார்கள். கொஞ்ச காலம் ஹிட்டிங்க் அவரை வெளியூர் ஆட்டங்களில் மட்டும் இறக்கும் நிலைமை. மொழி தெரியாத ஊர், இருபத்திரண்டு வயது, தன் அணியின் மைதானத்தில் இறங்கவே பயம். அந்த இடத்தில் நானாக இருந்தால் ஊருக்குத் திரும்பியிருப்பேன். அவர் இருந்தார். 2005 மே மாதம் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் மிலானுக்கு எதிராக அதே மைதானத்தில் ஒன்பதாவது நிமிடத்தில் கோல் அடித்தார்.

யுனைடெட் ஆடிய 2008 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்னும் மனசு கனக்கிறது. காலிறுதியிலும் அரையிறுதியிலும் அப்படி உழைத்தவர், மாஸ்கோவில் மாற்று ஆட்டக்காரர் பட்டியலில்கூட இல்லை. கோட்டு சூட்டோடு உட்கார்ந்து தன் அணி பெனால்டியில் வென்றதைப் பார்த்தார். அந்த முடிவு தன்னை உறுத்தியது என்று பெர்குசனே பிறகு சொன்னார். அடுத்த வருடம் ரோமில் இறங்கி, சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஆடிய முதல் ஆசியர் ஆனார்.

வெளிநாட்டில் ஆடுகிறவர் கொடுக்கிற விலை அந்த முழங்கால்தான். தேசிய அணிக்காக ஒவ்வொரு முறையும் இங்கிலாந்திலிருந்து சியோலுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் விமானம், ஆட்டம், மறுபடி விமானம். தேசிய அணியில் 100 ஆட்டம் ஆடி, மூன்று உலகக் கோப்பையிலும் கோல் அடித்தவர், அந்த முழங்கால் தாங்காமல் 2011-இல் முப்பது வயதுகூட ஆகாமல் அதிலிருந்து விலகினார். 2014-இல் மொத்தமாக நிறுத்திக்கொண்டார்.

இன்னொன்று. யுனைடெட் ரசிகர்கள் அவருக்காக ஒரு பாட்டுப் பாடுவார்கள். அன்போடுதான் பாடினார்கள், ஆனால் கொரியர்கள் நாய்க்கறி தின்பவர்கள் என்று கிண்டல் செய்கிற வரி அதில் இருந்தது. ஆடிய காலம் முழுக்க அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2021-இல் இன்னொரு கொரியர், ஹ்வாங் ஹீ-சான், இங்கிலாந்தின் வுல்வ்ஸ் அணிக்கு வந்தபோது அவர் காதிலும் அது விழுந்தது. அதற்குப் பிறகுதான் பார்க் வெளிப்படையாகப் பேசி, தயவுசெய்து நிறுத்துங்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். தனக்காகக் கேட்காதவர் தம்பிக்காகக் கேட்டார்.

சரி, உங்கள் மகனுக்கு. அந்த 2010 மிலான் ஆட்டத்தை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். பதினைந்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு பார்க்கின் 13-ஆம் எண் சட்டையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். என்ன பார்த்தான் என்று எனக்கு அவனையே எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்