கடல்வாசிக்கு எதைக் கொடுக்கலாம், எதை மறுக்கலாம்?

கேள்வி: நண்பர்கள் நால்வருக்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் (பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் ஆடும் மேசை விளையாட்டு) நடத்துகிறேன். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகள்தான். புதிதாகத் தொடங்கும் கதை முழுவதும் தீவுகள், கப்பல்கள், மூழ்கிய நகரங்கள். முதல் லெவலிலிருந்து ஆரம்பம். ஒரு நண்பன் தானே ‘கடல்வாசி’ என்றோர் இனத்தை உருவாக்கிக்கொண்டு வந்திருக்கிறான். தண்ணீருக்குள் மூச்சு விடலாம். நீச்சல் வேகம் 30 அடி. குளிரால் வரும் சேதம் பாதி. இருட்டில் 60 அடி வரை பார்வை. கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) 2, கரிஸ்மா (வசீகரம்) 1 கூடும். மந்திரத்துக்கு எதிரான எல்லா சேவிங் த்ரோவிலும் (தப்பிக்க உருட்டும் பகடை) அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுக்கலாம். “பதிலுக்கு ஒரு பலவீனமும் வைத்திருக்கிறேன். ஒரு நாள் முழுக்க உடம்பில் தண்ணீர் படாவிட்டால் சோர்ந்துவிடுவேன்” என்கிறான். மற்ற மூவர் மனிதன், குள்ளன், எல்ஃப். முடியாது என்றால் அவன் முகம் வாடிவிடும். சரி என்றால் மற்றவர்கள் முறைப்பார்கள். என்ன செய்வது?

பதில்: உங்கள் நண்பர் கெட்டிக்காரர். கப்பலில் வாழ்கிறவன் ஒரு நாள் முழுக்க நனையாமல் இருப்பது எப்படி? ஒரு வாளி கடல்நீரைத் தலையில் ஊற்றிக்கொண்டால் அந்தப் பலவீனம் தீர்ந்தது. இது பாலைவனக் கதையாக இருந்தால் அதே நிபந்தனை அவரைக் கொன்றே போட்டிருக்கும். அதிகாரப்பூர்வப் புத்தகங்களிலும் இந்த வேடிக்கை உண்டு. பாதாளத்து டிரவ் எல்ஃபுகளுக்கு வெயில் ஆகாது; நேரடி வெயிலில் தாக்கினால் டிஸ்அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். கதை முழுக்க நிலத்தடியிலேயே நடந்தால் அந்த விதியை யாரும் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கப்போவதில்லை. ஆகவே அந்தப் பலவீனத்தை விலையாக எண்ண வேண்டாம். குணச்சித்திரத்துக்கு அழகு என்று வைத்துக்கொள்ளட்டும், தடையில்லை.

புத்தகத்தில் உள்ள இனங்கள் குகை, காடு, நகரம், கொஞ்சம் கடல் என்று எல்லாம் கலந்த கதைக்காக எழுதப்பட்டவை. உங்கள் கதையோ தண்ணீரிலேயே கிடக்கிறது. அதனால் ஒவ்வொரு திறமைக்கும் நீங்களே புதிதாக விலை போட வேண்டும். இதற்கு நல்ல உரைகல் ஒன்று இருக்கிறது: 2016-இல் ‘வோலோஸ் கைட் டு மான்ஸ்டர்ஸ்’ நூலில் வந்த டிரைட்டன் என்ற கடல் இனம். நீருக்குள் மூச்சு, 30 அடி நீச்சல், குளிர் தாங்கும் உடம்பு எல்லாம் அதற்கும் உண்டு. நீர்வாழ் விலங்குகளுக்கு எளிய விஷயங்களைப் புரியவைக்கவும் அதற்குத் தெரியும். ஆக, நண்பரின் பட்டியலில் பெரும்பகுதி ஏற்கெனவே அச்சில் இருப்பதுதான்; அதைக் கண்டு மிரள வேண்டாம்.

ஆனால் உங்கள் மேசையில் அது எப்படி நடக்கும் என்று ஒரு சண்டையை ஓட்டிப் பாருங்கள். மூழ்கிய கோயில் ஒன்றின் மண்டபம், சுறாக்கள் வருகின்றன. நீச்சல் வேகம் இல்லாதவன் ஒவ்வோர் அடி நகரவும் இரண்டு அடி செலவழிக்க வேண்டும். குள்ளனின் வேகம் 25, ஆகவே கட்டம் போட்ட பலகையில் (கட்டம் ஒன்றுக்கு ஐந்து அடி) ஒரு சுற்றுக்கு இரண்டே கட்டம். அவன் கோடரியை வீசினால் டிஸ்அட்வான்டேஜ். எல்ஃபின் வில்லுக்கும் அதே கதி. சாதாரண எல்லைக்கு அப்பால் இருக்கும் இலக்கென்றால் அம்பு படவே படாது. கடல்வாசி மட்டும் ஆறு கட்டம் பாய்ந்து போய் எப்போதும்போலக் குத்துகிறான். கவனியுங்கள், இங்கே மூச்சு பிரச்சினையே இல்லை. கான்ஸ்டிட்யூஷன் 14 உள்ளவன் மூன்று நிமிடம் மூச்சை அடக்கலாம். ஒரு சுற்று ஆறு வினாடி என்பதால் அது முப்பது சுற்று. அதற்குள் சண்டை முடிந்து சுறாவின் வயிற்றுக்குள் என்ன இருந்தது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். எல்லோரும் பயப்படுவது மூச்சைப் பார்த்து. சண்டையில் ஆளை ஓரம்கட்டுவது நீச்சல் வேகமும் ஆயுதமும்.

இதற்காக நண்பரின் நீச்சலைப் பிடுங்க வேண்டாம். கடல்வாசிக்கு நீந்த வராது என்றால் அப்புறம் என்ன கடல்வாசி? மற்றவர்கள் கையில் ஈட்டியும் குத்துவாளும் கிடைக்க வழி செய்யுங்கள். நீருக்கடியில் அவற்றுக்கு அந்தத் தண்டனை இல்லை. குறுக்குவில்லுக்கும் சாதாரண எல்லைக்குள் இல்லை. முதல் துறைமுகத்திலேயே ஒரு கடைக்காரன் இதைச் சொல்லட்டும்.

மூச்சு விஷயம் சண்டைக்கு வெளியே, தேடலில்தான் உறைக்கும். மூழ்கிய நகரத்தை அரை மணி நேரம் சுற்றிப் பார்க்கிற காட்சியில் ஒருவர் பேசிக்கொண்டிருக்க மூவர் படகில் உட்கார்ந்து நொறுக்குத்தீனி தின்பார்கள். ஐந்தாம் லெவலில் இது தானாகச் சரியாகும். ‘வாட்டர் பிரீதிங்’ மூன்றாம் நிலை மந்திரம். பத்து பேர்வரை 24 மணி நேரம் நீருக்குள் மூச்சு விடலாம். சடங்காகச் செய்தால் மந்திர இருப்பும் குறையாது. குழுவில் மந்திரவாதியோ, இயற்கையின் மந்திரத்தைக் கையாளும் ட்ரூயிடோ இருந்தால் போதும். ஆகவே உங்களுக்குச் சிக்கல் முதல் நான்கு லெவல்கள் மட்டுமே. (பறக்கும் இனம் கேட்டிருந்தால் நான் இவ்வளவு தாராளமாக இருந்திருக்க மாட்டேன். ‘ஃபிளை’ மந்திரமும் அதே மூன்றாம் நிலைதான், ஆனால் அது பத்தே நிமிடம், அதுவும் மனத்தை ஒருமுகப்படுத்தியபடி. பிறவியிலேயே பறப்பவனோடு அது போட்டியிட முடியாது.)

நான் மறுக்கச் சொல்வது ஒன்றே ஒன்று: மந்திரத்துக்கு எதிரான அட்வான்டேஜ். கடலடிக் கதை என்றால் என்றாவது ஓர் அபோலெத்தை, அதாவது மனங்களை வசப்படுத்தும் நீர்வாழ் அரக்கனை, கொண்டுவருவீர்கள். அது ஒருவரை அடிமையாக்க முயலும்போது விஸ்டம் (மனத்தெளிவு) சேவில், இருபது முகப் பகடையில் 14 அல்லது அதற்கு மேல் எடுக்க வேண்டும். கூட்டல் எதுவும் இல்லாதவர் தப்பிக்க 35 சதவீத வாய்ப்பு. இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுத்தால் அதுவே ஏறக்குறைய 58. பகடையில் +5 கூட்டிக் கொடுத்ததற்கு அது கிட்டத்தட்டச் சமம். கான்ஸ்டிட்யூஷனில் இரண்டு கூட்டுவதால் பகடையில் கிடைப்பதோ வெறும் +1. பட்டியலில் இரண்டும் ஒரே ஒரு வரிதான் பிடிக்கும். அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடலில் பிறந்ததற்கும் மந்திரம் பலிக்காததற்கும் என்ன தொடர்பு என்று நண்பரைக் கேளுங்கள். நல்ல பதில் வராது.

வெறுமனே பிடுங்கினால் முகம் வாடத்தான் செய்யும். பதிலுக்கு ஒன்று கொடுங்கள்: நீண்ட ஓய்வு (ஓர் இரவுத் தூக்கம்) ஒன்றுக்கு இரண்டு முறை, தொட்ட தோழனுக்குப் பத்து நிமிடம் நீருக்குள் மூச்சு விடும் வரம். இது புத்தகத்தில் இல்லை, என் யோசனை. இரண்டே முறை என்பதால் கீழே யாரைக் கூட்டிப்போவது, யாரைப் படகில் விடுவது என்று நால்வரும் வாதாடுவார்கள். மேசையில் ஒருவர் மட்டும் மினுங்குவது போய் அவரால் மற்றவர்களுக்கும் வேலை கிடைக்கும்.

இருட்டுப் பார்வையைத் தாராளமாகக் கொடுங்கள், குள்ளனுக்கும் எல்ஃபுக்கும் இருப்பதுதானே. கான்ஸ்டிட்யூஷன், கரிஸ்மா கூட்டல்களும் பரவாயில்லை, 2020-இல் வந்த ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ நூலே இனத்தின் கூட்டல்களை விருப்பப்படி வேறு பண்புக்கு மாற்றிக்கொள்ள அனுமதிக்கிறது. ஓர் எச்சரிக்கை: நடுவில் 2024 புத்தகத்துக்கு மாறினால், அங்கே கூட்டல்கள் பாத்திரத்தின் பின்னணியிலிருந்து வருகின்றன. இனத்திலிருந்தும் எடுத்துக்கொண்டால் இரட்டை வசூல் ஆகிவிடும்.

இதையெல்லாம் நண்பரோடு தனியாகத் தொலைபேசியில் பேசி முடித்துவிடாதீர்கள். முதல் ஆட்டத்துக்கு முன் நால்வர் எதிரிலும் பட்டியலைப் படியுங்கள். மூன்றாம் லெவல் வந்ததும் ஒருமுறை திருத்துவோம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். மனிதனாக ஆடுபவர் அன்றே குறுக்குவில் கேட்டால், வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.