எல்சிப்படி பணம் கட்டிய வங்கிக்கு, கடன் கொடுத்தவரின் அடமானம் வந்து சேருமா?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் ஒரு வாடிக்கையாளருக்காக வங்கி ஸ்டாண்ட்பை எல்சி (அவர் கட்டத் தவறினால், உரிய ஆவணத்தைக் காட்டியதும் நானே கட்டுகிறேன் என்ற வங்கியின் எழுத்து வாக்கு) கொடுக்கிறது, அவர் திவாலாகிறார், அவருக்குக் கடன் கொடுத்தவர் எல்சியைக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொள்கிறார். கடன் கொடுத்தவரிடம் இருக்கும் தொழிற்சாலை அடமானத்தின் மேல் இனி வங்கி உரிமை கோரலாமா?

கோரலாம், ஆனால் அது தானாக மடியில் வந்து விழாது. இன்னொருவர் கடனை அடைத்தவர், கடன் கொடுத்தவரின் இடத்தில் நின்று வசூலிப்பதுதான் சப்ரொகேஷன். ஜாமீன் போட்டவருக்கு இது காலங்காலமாக உண்டு. எல்சி கொடுத்த வங்கிக்கு மட்டும் பல நீதிமன்றங்கள் கையை விரித்தன, ஏனென்றால் ஜாமீன்தாரர் அடுத்தவர் கடனைக் கட்டுகிறார், வங்கியோ எல்சியில் தானே கொடுத்த வாக்கின்படி தன் சொந்தக் கடனைக் கட்டுகிறது, அப்புறம் எதற்கு இன்னொருவர் இடம் என்பது அவர்கள் வாதம். 1992இல் டியூடர் வழக்கில் மூன்றாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் இப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி பெக்கர் மட்டும் மாறுபட்டார். எனக்கும் அவர் சொன்னதே நியாயமாகப் படுகிறது, வங்கி கட்டியதால் ஆதாயம் அடைந்தவர்கள் சும்மா தப்பிக்கக் கூடாதல்லவா. 1995இல் யுசிசியின் (அமெரிக்க மாநிலங்களுக்கான பொது வணிகச் சட்டத் தொகுப்பு) 5ஆம் பகுதியைத் திருத்தி எழுதியவர்கள் அவர் பக்கமே சாய்ந்தார்கள். அப்படி வந்ததுதான் 5-117ஆம் பிரிவு: பணம் கட்டிய வங்கியை ஜாமீன்தாரர் போலவே பாவிக்க வேண்டும். வங்கிக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்த வாடிக்கையாளருக்கும், நடுவில் பணம் கொடுத்த வங்கிக்கும் இதே சலுகை உண்டு.

“போலவே” என்ற சொல்லைக் கவனியுங்கள். பிரிவு புதிதாக எந்த உரிமையையும் தரவில்லை, ஜாமீன்தாரருக்கு என்ன கிடைக்குமோ அதுதான் உங்களுக்கும்.

இன்னொன்று, பணம் கட்டும் வரை இந்த உரிமையே பிறக்காது. நான் எல்சி மேசையில் இருந்தபோது ஒரு மேலாளர், பணம் கேட்டு வந்த ஒற்றைப் பக்கக் கடிதத்தை எல்சி வாசகத்தோடு பென்சிலால் சொல் சொல்லாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம், “நாளைக்கு அவர் இடத்துக்கு நாமதானே வரப்போறோம், இப்பவே நிறுத்திவைக்கலாமே” என்றார். கூடாது. ஆவணம் சரியென்றால் கட்டியே தீர வேண்டும், அதற்கு முன் இந்த உரிமையைச் சாக்காகக் காட்ட முடியாது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதி வைத்திருந்தாலும் செல்லாது.

திவால் நீதிமன்றத்தில்தான் நிஜமான சண்டை. திவால் சட்டத்தின் 509ஆம் பிரிவு, கடனாளியோடு சேர்ந்து பொறுப்பேற்றவருக்கோ அந்தக் கடனுக்கு ஈடு கொடுத்தவருக்கோதான் இடம் தருகிறது, எல்சி வங்கி அதில் அடங்குமா என்பதில் நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை. தவிர, கொடுத்ததைத் திருப்பித் தா என்று நேரடியாகக் கேட்டு அது ஏற்கப்பட்டுவிட்டால், அந்த அளவுக்குச் சப்ரொகேஷன் போச்சு. கடன் 10 லட்சம் டாலர், எல்சி 6 லட்சம்தான் என்றால், மீதி 4 லட்சம் கடன் கொடுத்தவர் கைக்குப் போகும்வரை வங்கி அவருக்குப் பின்னால்தான். ஆகவே மனு எழுத உட்காரும் முன், மீதி பாக்கி எவ்வளவு என்று அவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.