பள்ளிப் பத்திரப் பணம் சம்பளத்துக்குப் போகிறதா?

கலிஃபோர்னியாவில் சொத்து வரியோடு கட்டும் பள்ளிப் பத்திரப் பணம் (பள்ளிக் கட்டடங்களுக்காகக் கடன் பத்திரம் மூலம் திரட்டும் பணம்) நிர்வாகிகளின் சம்பளத்துக்குப் போகிறதோ என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கவலைதான். உங்கள் ஊர்ப் பத்திரம் 55 சதவீத வாக்கு கிடைத்தால் போதும் என்ற விதியில் நிறைவேறியதா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் 2000-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய புரொபொசிஷன் 39 என்ற சட்டம் பொருந்தும். கட்டடம், நிலம், தளவாடம் ஆகியவற்றுக்குத்தான் அந்தப் பணம்; ஆசிரியர், நிர்வாகிகளின் வழக்கமான சம்பளத்துக்கு அதைத் தொடக்கூடாது. கட்டட வேலையை மேற்பார்வையிடும் ஊழியர்களுக்கு அந்த வேலை அளவுக்குக் கொடுக்கலாம். அங்கேதான் நன்றாகத் துருவ வேண்டும்.

அப்புறம், குறைந்தது 7 பேர் கொண்ட மக்கள் கண்காணிப்புக் குழு கட்டாயம். பள்ளி மாவட்டத்தின் (ஊர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின்) ஊழியரோ ஒப்பந்ததாரரோ அதில் உட்கார முடியாது. பெற்றோருக்கு இடம் உண்டு, நீங்களே விண்ணப்பியுங்கள். குழுவின் கூட்டக் குறிப்புகளும் ஆண்டுத் தணிக்கை அறிக்கையும் கிடைக்காவிட்டால் பொது ஆவணச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். தருவார்களா இல்லையா என்று பொதுவாக 10 நாளில் சொல்லியாக வேண்டும்.