செஞ்சிக்குக் கிடைத்தது, வேலூர்க் கோட்டைக்குக் கிடைக்குமா? கேள்விகளும் என் பதில்களும்

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதிலிருந்து நம்ம வேலூர், ஆற்காடு பக்கத்து ஆட்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இதைப் பற்றியேதான் கேட்கிறார்கள். இந்த மாதிரி விண்ணப்பங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். அதனால் கேட்டதையெல்லாம் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

காட்பாடித் தம்பி: அண்ணா, அகழியும் மதிலும் நம்மகிட்ட எவ்வளவு நல்லா இருக்கு! செஞ்சிக்குக் கொடுத்தாங்க, நமக்கு ஏன் இல்லை?

தம்பி, செஞ்சி தனியாகப் போய் வாங்கவில்லை. மகாராஷ்டிரத்தில் 11 கோட்டை, தமிழ்நாட்டில் செஞ்சி, ஆக 12 கோட்டைகளை மராத்தியரின் ராணுவ நிலப்பரப்பு என்று ஒரே விண்ணப்பமாகக் கொடுத்தார்கள். சிவாஜி 1677 இல் செஞ்சியைப் பிடித்தார், பின்னால் அவர் மகன் ராஜாராம் அங்கே இருந்துகொண்டுதான் முகலாயப் படையின் முற்றுகையை வருடக்கணக்கில் தாங்கினார். மலை, காடு, கடற்கரை என்று நிலத்துக்குத் தக்கபடி கோட்டையை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் அங்கே வாதம், அதில் செஞ்சிக்கு ஓர் இடம் இருந்தது. யுனெஸ்கோ "அழகாக இருக்கிறதா" என்று கேட்பதில்லை. உலகத்தில் இதே மாதிரி மற்றவை இருக்கும்போது இது எதில் தனி என்றுதான் கேட்கும். ஒப்பீட்டு ஆய்வு என்ற அந்த அத்தியாயத்தில்தான் நிறைய விண்ணப்பங்கள் படுத்துவிடும்.

வேலூருக்கு வாதம் இல்லாமல் இல்லை. 16 ஆம் நூற்றாண்டு விஜயநகரக் காலத்துக் கருங்கல் கோட்டை, மலைமேல் இல்லாமல் சமவெளியில், சுற்றி அகலமான அகழியோடு. உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும். 1806 ஜூலை 10 சிப்பாய் எழுச்சி, 1857 க்கு அரை நூற்றாண்டு முன்னால். ஆனால் "இங்கே ஒரு பெரிய சம்பவம் நடந்தது" என்பதை மட்டும் வைத்துப் போனால் கஷ்டம். யுனெஸ்கோவின் பத்து அளவுகோல்களில் சம்பவத்தோடு சேர்ந்த ஆறாவதை மற்ற அளவுகோல்களோடு சேர்த்துக் காட்டுவதே நல்லது என்று விதிமுறையே சொல்கிறது. அந்தக் கோயிலின் கல்யாண மண்டபத்துக்குள் போய் ஒருமுறை அண்ணாந்து பார். விதானத்தில் தாமரையைச் சுற்றித் தலைகீழாகக் கிளிகள் தொங்கும், எல்லாம் கல். நம்ம வாதத்தை அங்கே இருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆம்பூர் ஆசிரியை: சார், இதை யார் முடிவு பண்ணுகிறார்கள்? கலெக்டரிடம் மனு கொடுத்தால் போதுமா?

மனு கொடுங்கள் மேடம், தப்பில்லை, ஆனால் விண்ணப்பிக்கிற உரிமை நாட்டுக்குத்தான். உலகப் பாரம்பரியத்துக்காக 1972 இல் நாடுகளுக்கிடையே வந்த ஒப்பந்தம் இது, இந்தியா 1977 இல் சேர்ந்தது. முதலில் நாட்டின் உத்தேசப் பட்டியலில், அதாவது பின்னால் விண்ணப்பிக்கலாம் என்று நாடு முன்கூட்டியே கொடுக்கும் பட்டியலில், அந்த இடம் குறைந்தது ஒரு வருடம் இருக்க வேண்டும். ஸ்ரீரங்கம் கோயிலும் செட்டிநாட்டு ஊர்களும் 2014 இலிருந்து அதில் காத்திருக்கின்றன. அப்புறம் முழு விண்ணப்பம் பிப்ரவரி 1 க்குள் பாரிசில் உள்ள யுனெஸ்கோவுக்குப் போக வேண்டும், ஒரு நாடு வருடத்துக்கு ஒன்றுதான் கொடுக்கலாம். அதைப் பரிசீலிக்க நிபுணர் அமைப்புகள் உண்டு: கட்டடம், பண்பாடு என்றால் இகோமாஸ், இயற்கை என்றால் ஐயுசிஎன். அவர்களின் நிபுணர்கள் நேரில் வந்து மதில், எல்லை, வடிகால், கடைகள் வரைக்கும் பார்ப்பார்கள். கடைசியில் 21 நாடுகள் உள்ள குழு உட்கார்ந்து ஏற்கும், இல்லையென்றால் கூடுதல் விவரம் கேட்கும், திருத்தி எழுதச் சொல்லும், அல்லது மறுக்கும்.

திருப்பத்தூர் நண்பர்: ஜவ்வாது மலையை அனுப்ப முடியாதா?

மொத்தம் 10 அளவுகோல், அதில் கடைசி நான்கு இயற்கைக்கு. ஒன்றில் தேறினாலே போதும், ஆனால் அந்த ஒன்றில் உலகத் தரத்தில் தேற வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையே முதல் முயற்சியில் ஏறவில்லை, 2012 இல்தான் 39 துண்டுகளாக ஏறியது. நாம் ஏடுகொண்டலவாடாவைப் பார்க்கப் போகிற திருமலை இருக்கிறதே, அதன் பாறை அமைப்புக்காக அதை 2025 இல் உத்தேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். கீழே மிகப் பழைய பாறை, மேலே பல கோடி வருடம் பிந்திய பாறை, நடுவில் இருந்திருக்க வேண்டிய காலம் காணோம். மலைப்பாதையில் எத்தனை தடவை பஸ்ஸில் போயிருப்போம், ஜன்னல் வழியாகப் பார்த்தோமா!

குடியாத்தம் அக்கா: நம்ம முள்ளு கத்தரிக்காய்க்குக் கிடைத்ததும் இதுதானே?

இல்லை அக்கா, அது புவிசார் குறியீடு, இந்தியச் சட்டப்படி பெயரைப் பாதுகாப்பது. யுனெஸ்கோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கோட்டைக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்: பட்டியலில் வந்தால் எங்கள் வீட்டை இடிப்பார்களா?

பயப்படாதீர்கள் ஐயா. மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னம் என்பதால் கட்டுப்பாடு இப்போதே இருக்கிறது: 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கிக் கட்டலாம். பட்டியலுக்குப் போனால் சின்னத்தைச் சுற்றிப் பாதுகாப்பு வளையமாக இடையகப் பகுதி என்று ஓர் எல்லையைக் காட்ட வேண்டும். அந்த எல்லைக் கோடு எங்கே வருகிறது என்பதை வரைபடத்திலேயே பார்த்து, ஆட்சேபணை இருந்தால் அப்போதே சொல்லுங்கள். பணமும் கொட்டாது. யுனெஸ்கோவிடம் இருக்கும் நிதி சிறியது, பராமரிப்புச் செலவு நம்ம அரசுடையதுதான்.

வாலாஜா கல்லூரி மாணவர்: கிடைத்த அந்தஸ்து போகுமா?

போகும். ஜெர்மனியில் டிரெஸ்டன் பள்ளத்தாக்கில் ஒரு பாலம் கட்டினார்கள், 2009 இல் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். 2021 இல் லிவர்பூல் போனது. ஹம்பியும் 1999 இல் இதே மாதிரி பாலங்களால் ஆபத்துப் பட்டியலுக்குப் போய், 2006 இல்தான் மீண்டது.

அதே மாணவர்: இப்போது நாங்கள் என்ன செய்யலாம்?

ஒன்று சொல்கிறேன். பாலாற்றங்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு சின்னக் கோயில், அதிட்டானத்தில், அதாவது அடிப்பீடத்தில், கல்வெட்டு. கும்பாபிஷேகத்துக்காக அதன் மேல் எனாமல் பெயிண்ட் அடித்தார்கள். அடித்தவர்களுக்கும் பக்திதான், கெட்ட எண்ணம் இல்லை. நான் போய்ப் பார்த்தபோது எழுத்துப் பள்ளங்களில் பச்சைப் பெயிண்ட் இறுகிக் கிடந்தது, விரலால் தடவினேன், ஒரு "ஸ்ரீ" மட்டும் தட்டுப்பட்டது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. யுனெஸ்கோ கேட்கும் "மெய்த்தன்மை" இதுதான்: கல் பழைய கல்லாக, வேலை பழைய வேலையாக இருக்கிறதா, மாற்றியிருந்தால் எப்போது, எதை மாற்றினார்கள் என்று காட்ட முடியுமா.

அதைக் காட்ட பழைய படங்கள் வேண்டும். உங்கள் தாத்தா பாட்டி கல்யாணமாகிக் கோட்டைக்குப் போய் அகழி ஓரத்தில் நின்று எடுத்த படம் வீட்டில் இருக்கும். 1981 இல் ஜலகண்டேஸ்வரரை மறுபடி கோயிலுக்குள் வைத்த சமயத்துப் படம் கூட யாரிடமாவது இருக்கலாம். தேடி எடுத்து, எந்த வருடம், எந்த வாசல் என்று பெரியவர்களிடம் கேட்டுப் பின்பக்கம் பென்சிலில் எழுதி வையுங்கள். பேனாவில் வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.