வாசகர் கேள்வி – பதில்: தாத்தாவின் தேதி, படம், குரல்

தாத்தா இறந்து வருகிற மாசியோடு ஒரு வருஷம். திதிக்குள் சின்னதாக ஒரு நினைவு மலர் போட ஆசை. பிறந்த தேதியிலேயே குழப்பம். ஜாதகத்தில் 'ஆங்கீரச வருஷம் தை மாதம்' என்றிருக்கிறது. ஆபீஸ் பதிவேட்டில் 5-6-1930. எதைப் போடுவது?
– வாசகி, கோத்தகிரி

ஜாதகத்தை நம்பலாம், ஆனால் கணக்கில் சறுக்காதீர்கள். தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது. ஆங்கீரச 1932 ஏப்ரலில் தொடங்கி 1933 ஏப்ரலில் முடிந்தது. அதனால் அந்தத் தை விழுவது 1933-இல். தை, மாசிக்காரர்களுக்கு 'ஆங்கீரச என்றால் 1932' என்று எழுதி வயதில் ஒரு வருஷம் கூட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. கிழமையும் நட்சத்திரமும் எழுதியிருந்தால் அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுத் தேதியையே பிடித்துவிடலாம்.

ஆபீஸ் தேதி பெரும்பாலும் பள்ளிச் சான்றிதழிலிருந்து வந்திருக்கும். அந்தக் காலத்தில் பையனைச் சேர்க்கும்போது வாத்தியாரே உத்தேசமாக ஒரு தேதி போடுவதுண்டு. பள்ளி திறப்பது ஜூனில் என்பதால் பல தேதிகள் அதையொட்டியே இருக்கும். இரண்டரை வருஷ வித்தியாசம் அப்படி வந்திருக்கக்கூடியதுதான்.

இன்னொரு சோதனையும் உண்டு. அறுபதாம் கல்யாணம் செய்திருந்தால் பத்திரிகையைத் தேடுங்கள். அறுபது வருஷம் சுற்றி ஆங்கீரச மறுபடி வந்தது 1992-93-இல். பத்திரிகையில் 1993 ஜனவரி, பிப்ரவரி என்றிருந்தால் ஜாதகம் சரி. 1990 என்றிருந்தால் வீட்டாரே ஆபீஸ் வயதைப் பின்பற்றியிருக்கிறார்கள்.

மலரில் இரண்டையும் அச்சிடுங்கள்: 'ஜாதகப்படி 1933 தை, பணிப் பதிவேட்டில் 5-6-1930.' ஒன்றை மறைத்தால் பேரன் காலத்தில் பென்ஷன் காகிதம் கிடைக்கும்போது மறுபடி இதே குழப்பம். வயதையும் 'நிறைந்தது' அல்லது 'நடப்பு' என்று சேர்த்தே எழுதுங்கள்.

தேதியில்லாத மற்ற காகிதங்களுக்கும் தடயம் உண்டு. முகவரியில் 643 என்று தொடங்கும் நீலகிரி பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. அச்சில் 'மதராஸ் ஸ்டேட்' என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முன் அச்சானது (பழைய படிவத்தை அதற்குப் பிறகும் சில காலம் தீர்த்திருப்பார்கள், உஷார்). சம்பளம் அணாவில் என்றால் 1957 ஏப்ரலுக்கு முன். எடை ராத்தலில் (பவுண்டில்) என்றால் பெரும்பாலும் அறுபதுகளின் தொடக்கத்துக்கு முன்.

நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும். 16 பக்கம் தாராளம். 'பாசத்தின் சிகரம்' போன்ற வரிகள் எந்தத் தாத்தாவுக்கும் பொருந்தும். எந்த எஸ்டேட், எந்த டிவிஷன், முதல் மாதச் சம்பளம் எவ்வளவு, உருளைக்கிழங்கு மூட்டையை மேட்டுப்பாளையம் மண்டிக்கு எதில் ஏற்றி இறக்கினார் என்று எழுதினால் உங்கள் தாத்தா தெரிவார்.

தாத்தா சிலோனிலிருந்து வந்தவர். எந்த வருஷம் வந்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.
– வாசகர், கூடலூர்

'கப்பலில் வந்து எங்கே இறங்கினார்?' என்று பாட்டியிடம் கேளுங்கள். தனுஷ்கோடி என்றால் 1964 டிசம்பர் புயலுக்கு முன். இராமேஸ்வரம் என்றால் அதற்குப் பின். மண்டபம் முகாமில் தங்கியதாகச் சொன்னால் 1964 அக்டோபர் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி (இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் ஒரு பகுதியை இந்தியா ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம்) வந்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை இரண்டையும் டிரங்குப் பெட்டியில் தேடுங்கள். தேதி அவற்றிலேயே இருக்கும். தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு இங்கே நீலகிரியில் தேயிலை நட ஆரம்பித்தது 1968-இல் (இன்றைய டான்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்). அதில் முதல் நடவுக்கே குழி வெட்டியவர் என்றால் அதையும் வைத்துக் கணக்குப் போடலாம்.

ஹாலில் மாட்டிய தாத்தா படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. ஓரத்தில் பூசணம். பிரித்து எடுக்கலாமா?
– வாசகி, குன்னூர்

கூடாது. தண்ணீர், கத்தி, ஹேர் டிரையர் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். சாரல் காலத்து ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியைப் பிடிக்கிறது, வெயில் வந்ததும் அப்படியே இறுகுகிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். பூசணத்துக்கும் அந்த ஜெலட்டின்தான் சாப்பாடு. ஈரத்துணியால் துடைத்தால் படமே கரையும்.

பின்பக்க ஆணிகளைப் பிடுங்கி, சட்டத்தையும் அட்டையையும் மட்டும் கழற்றுங்கள். கண்ணாடியும் படமும் ஒட்டியபடியே இருக்கட்டும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்து, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஸ்கேனரில் வையுங்கள். தபால் அட்டை அளவுக்கு 600 டிபிஐ, பாஸ்போர்ட் அளவுக்கு 1200. டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். ஸ்கேனரில் படம் மங்கினால் மேகமூட்டமான பகலில் வெளியே வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டி எடுங்கள். பிரதிபலிப்பு விழாது. குன்னூரில் மேகத்துக்கா பஞ்சம்!

சுவரில் மாட்டுவது இனி நகல்தான். அசல் பெட்டிக்குள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. நகலுக்கும் படம் கண்ணாடியைத் தொடாதபடி நடுவில் 2 மில்லிமீட்டர் அட்டைச் சட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். மழை அடிக்கிற வெளிச்சுவர் வேண்டாம். உள்சுவரிலும் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று போகும். சந்தனமும் குங்குமமும் கண்ணாடியின் நடுவில் சின்னதாக இருக்கட்டும், வழிந்து சட்டத்துக்குள் இறங்கினால் ஈரம் உள்ளே போய்விடும். பூமாலையையும் அன்றன்றே கழற்றுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பெயரைப் பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தடம் காட்டும். இந்த வேலைகளை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வைத்துக்கொண்டால் காகிதமும் உலர்ந்திருக்கும்.

தாத்தா பேசிய கேசட் ஒன்று கிடைத்தது. போட்டுக் கேட்கப் பயமாக இருக்கிறது.
– வாசகர், ஊட்டி

பயம் நல்லது. முதலில் கேசட்டின் ஜன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் பூசணம். ஓட்டினால் நாடாவும் கெடும், டேப் ரெக்கார்டர் ஹெட்டும் கெடும். விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். சுத்தமாக இருந்தால் மேல்விளிம்பின் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகளையும் உடையுங்கள், தவறி மேலே பதிவாகாது. பிளே அழுத்துமுன் கடைசி வரை ஒருமுறை வேகமாக ஓட்டி, மறுபடி பின்னுக்குச் சுற்றுங்கள். ஒட்டிய சுற்றுகள் தளரும். சத்தம் மந்தமாக வந்தால் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் திண்டு விழுந்திருக்கலாம். ஸ்க்ரூ வைத்த கேசட் என்றால் சுருள்களை நல்ல உறைக்கு மாற்றலாம்.

ஸ்பீக்கர் முன்னால் போனை நீட்டிப் பதிவு செய்யாதீர்கள். ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு எடுத்து வேவ் (WAV) கோப்பாக வையுங்கள். ஸ்டீரியோவில் நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். வாட்ஸ்அப்புக்கு எம்பி3 தனியாக. வேவ் கோப்பு மூன்று இடத்தில் இருக்கட்டும், அதில் ஒன்று வேறு ஊரில்.

கறுப்பு வெள்ளைப் படத்தைக் கலராக்கித் தருகிறோம் என்கிறார்களே?
– வாசகி, அருவங்காடு

நகலில் செய்துகொள்ளுங்கள். சட்டை நிறம் கம்ப்யூட்டரின் ஊகம். சில சமயம் மூக்கும் மீசையும்கூட ஊகமாகிவிடும். பின்னால் 'கலர் பிறகு சேர்த்தது' என்று எழுதி வையுங்கள்.