பெரிய ரீவிக்கு லாம்ப் எங்கே வாங்குவது? வாசகர் கேள்விகள்

கேள்வி: கனடாவில் இருக்கும் மகன் வீடு மாறும்போது தன்னுடைய பழைய 50 அங்குல சொனி புரொஜெக்‌ஷன் ரீவியை மற்றச் சாமான்களோடு கப்பலில் போட்டு அனுப்பினார். மாடல் கே.டி.எஃப்-ஈ50ஏ10. நல்லாகத்தான் ஓடியது. சில மாதமாகப் படம் மங்கிக்கொண்டே வந்து, இப்போது போட்டால் கொஞ்ச நேரம் முயன்றுவிட்டுத் தானே நின்றுவிடுகிறது, முன்பக்கத்தில் சிவப்பு லைற் மினுங்குகிறது. கஸ்தூரியார் வீதியில் கேட்டால் "ஐயா, இதைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்.ஈ.டி ஒன்று எடுங்கோ" என்கிறார்கள். கொழும்பில் ஒருவர் லாம்புக்குச் சொன்ன விலைக்குப் புது ரீவிக்கே முற்பணம் கட்டிவிடலாம். மலிவாக எடுக்க வழி உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கொக்குவில்

பதில்: உண்டு ஐயா. ஆனால் காசு கொடுக்கமுன் போனது லாம்ப்தானா என்று பாருங்கள். பெட்டிக்குள்ளே இருந்து திரையில் படத்தை வீசுகிற இந்த வகை ரீவிக்குள் ஒரே ஒரு லாம்ப்தான் முழுத்திரைக்கும் வெளிச்சம் கொடுக்கிறது, அதன் ஆயுள் சில ஆயிரம் மணித்தியாலம். 6000 என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு ஐந்து மணித்தியாலம் பார்க்கிற வீட்டில் மூன்று வருஷம் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். படம் மெல்ல மெல்ல மங்கி, பிறகு எரியாமலே போவது லாம்ப் முடிந்த குணம், உங்கள் கதை அதற்குப் பொருந்துகிறது. ஒரு நாளும் மங்காமல் திடீரென்று நின்றிருந்தால் பலாஸ்டையும் சந்தேகப்படச் சொல்லியிருப்பேன் (ட்யூப் லைற்றுக்குச் சோக் எப்படியோ இதற்குப் பலாஸ்ட் அப்படி). லாம்ப் இருக்கிற பக்கத்து மூடி சரியாகப் பூட்டுப்படாவிட்டாலும் பாதுகாப்புச் சுவிட்ச் லாம்பைப் பத்தவிடாது, அதையும் ஒருக்கால் அழுத்திப் பாருங்கள், செலவில்லாத வேலை.

சரி, லாம்ப் என்றே வைப்போம். கடைக்காரர் விலை சொல்வது முழு லாம்புக்கு, அதாவது பிளாஸ்டிக் கூடும் அதற்குள் இருக்கிற பல்ப்பும் சேர்த்து. கெட்டுப்போனது பல்ப் மட்டும்தான், கூட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பல்ப்பை மட்டும் தனியாக விற்கிறார்கள், விலை கணிசமாகக் குறையும். அதை வாங்கிப் பழைய கூட்டுக்குள் மாற்றிப் போடுவதுதான் எனக்குத் தெரிந்த மலிவான நல்ல வழி.

ரீவியை நிற்பாட்டி, பிளக்கைக் கழற்றி, ஒரு மணித்தியாலமாவது ஆறவிட்டுக் கூட்டை வெளியே இழுங்கள். கூட்டில் சொனியின் இலக்கம் இருக்கும், உங்கள் மாடலுக்கு எக்ஸ்.எல்-2400. இது உங்களுக்கு அதிர்ஷ்டம், ஏனென்றால் சொனி இதே லாம்பை 42 அங்குலம் தொடங்கி 55 அங்குலம் வரை பல மாடல்களுக்குப் போட்டது, அதனால் இன்னமும் தேடினால் அகப்படுகிறது. பிறகு பல்ப்பையே பாருங்கள், அதன் கழுத்திலோ கிண்ணத்தின் பின்புறத்திலோ பொடி எழுத்தில் ஃபிலிப்ஸ் யு.எச்.பி என்றோ ஒஸ்ராம் பி-விப் என்றோ இருக்கும். பக்கத்தில் வாற்று, அதன் பிறகு 1.0 போல ஒரு எண், கடைசியில் ஈ22, பி22 என்ற மாதிரி ஒன்று. 1.0 என்பது உள்ளே மின்வில் பாய்கிற இடைவெளி, மில்லிமீற்றரில். ஈ என்றால் ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கிண்ணம் நீள்வட்ட வடிவம், பி என்றால் பரவளைவு. கணிதம் படிப்பித்தவராக இருந்தால் இரண்டும் ஒளியை ஒரே மாதிரிக் குவிக்காது என்று நான் சொல்லத் தேவையில்லை. வாற்று, இடைவெளி, கிண்ணம் மூன்றும் அப்படியே ஒத்தால் மட்டும் வாங்குங்கள். "கிட்டத்தட்ட இதுதான்" என்று யாராவது நீட்டினால் வேண்டாம்.

இதே குடும்பத்துப் பல்ப்கள்தான் கலியாண மண்டபங்களிலும் ரியூசன் நிலையங்களிலும் இருக்கிற புரொஜெக்டருக்குள்ளும் எரிகின்றன. ஆகவே ரீவிக் கடையில் கேட்பதை விட்டுவிட்டு, யாழ்ப்பாணத்தில் புரொஜெக்டர் திருத்துகிறவர்களிடம் அந்தப் பொடி எழுத்தைப் படமெடுத்துக் காட்டுங்கள். கொழும்பென்றால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் விசாரிக்கலாம். இரண்டும் சரிவராவிட்டால் ரொறன்ரோவிலிருந்து திருவிழாவுக்கு வருகிற சொந்தக்காரர் யாரையும் பிடியுங்கள். இந்த ரீவிகள் அதிகம் விற்றது வட அமெரிக்காவில், பல்ப்பும் அங்கேதான் லேசாகக் கிடைக்கும். கடைப் பெட்டியைப் பிரிக்காமல் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மிக மலிவாக வருகிற பேரில்லாத பல்ப்பை நான் நம்புவதில்லை. வெளிச்சம் குறைவு, சில மாதத்தில் முடிந்துவிடும், சிலது வெடிக்கும். உள்ளே பாதரசம் இருக்கிறது, எரியும்போது அழுத்தம் வளிமண்டலத்தைப் போல ஏறத்தாழ 200 மடங்கு. வெடித்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, யன்னல்களைத் திறந்துவிட்டுக் காற்றுப் போகவிடுங்கள். மாற்றும்போது கண்ணாடியில் வெறும் விரல் படவேண்டாம், விரல் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் பழுதாகும். வேலை முடிந்ததும் மெனுவில் லாம்ப் கணக்கைத் திரும்பப் பூச்சியமாக்க மறக்க வேண்டாம்.

இன்னொன்று, கனடா ரீவி 120 வோல்ற்றுக்குச் செய்தது. நீங்கள் ஸ்ரெப் டவுன் (வோல்ற்றைக் குறைத்துக் கொடுக்கிற பெட்டி) போட்டுத்தான் ஓட்டியிருப்பீர்கள், அது சின்னதாக இருந்து சூடேறினால் 500 வாற்றுக்குக் குறையாத ஒன்றாக மாற்றுங்கள்.

கேள்வி: என்னுடையது மிற்சுபிசி டி.எல்.பி. திரை முழுக்க வெள்ளைப் புள்ளி, நாளுக்கு நாள் கூடுகிறது. லாம்ப் புதிது போட்டும் போகவில்லை. லாம்ப் போலியா?
– நெல்லியடி வாசகர்

பதில்: லாம்பில் பிழையில்லை தம்பி. டி.எல்.பி என்பது ரெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ற்ஸ் செய்த சிப், அதில் இலட்சக்கணக்கான நுண்ணிய கண்ணாடிகள் சாய்ந்து சாய்ந்து படம் காட்டும். ஒரு கண்ணாடி ஒரு பக்கமாக இறுகிவிட்டால் அந்த இடத்தில் நிரந்தரமாக ஒரு வெள்ளைப் புள்ளி. சிப்பைத்தான் மாற்ற வேண்டும். மிற்சுபிசி 2012 கடைசியில் இந்த ரீவி செய்வதையே நிறுத்திவிட்டது, சொனி அதற்கு முந்தியே ஒதுங்கிக்கொண்டது. சிப்பை வெளியிலிருந்து எடுப்பித்து, கை பழகிய ஒருவரையும் தேடிப் பிடிக்க முடியுமென்றால் செய்யுங்கள். நானாக இருந்தால் புது லாம்பைக் கழற்றி அதே மாடல் வைத்திருக்கிற யாருக்காவது விற்றுவிட்டு, மேலே கொக்குவில் ஐயாவிடம் கடைக்காரர் சொன்னதுபோல எல்.ஈ.டி ஒன்று எடுப்பேன்.

கேள்வி: கறன்ட் போய் வந்தால் ரீவி உடனே வருகுதில்லை. லாம்ப் அடிபட்டுவிட்டதா? யு.பி.எஸ் போடலாமா?
– சாவகச்சேரி வாசகி

பதில்: அடிபடவில்லை அக்கா, சூடாக இருக்கிறது. உள்ளே அழுத்தம் இறங்கும்வரை மின்வில் திரும்பப் பாயாது. பத்து நிமிஷம் விட்டுப் போடுங்கள், திரும்பத் திரும்ப றிமோட்டை அமத்தினால்தான் கெடுதல். ஆனால் இது அடிக்கடி நடப்பது நல்லதில்லை. வழமையாக றிமோட்டில் நிற்பாட்டினால் ஃபான் இன்னும் சற்று நேரம் சுழன்று லாம்பை ஆற்றும், கறன்ட் போனால் ஃபானும் கூடவே நின்று சூடு உள்ளேயே அடைபட்டுவிடும். 2022இல் மணிக்கணக்காகக் கறன்ட் வெட்டின காலத்தில் எத்தனை லாம்ப் இப்படிப் போயிருக்கும். யு.பி.எஸ் கட்டாயம் போடுங்கள், ரீவி இழுக்கிற வாற்றைத் தாங்கக்கூடியதாக. படம் முழுவதும் பார்ப்பதற்கல்ல, ஒழுங்காக நிற்பாட்டி ஃபான் ஓய்கிற அந்த ஐந்து நிமிஷத்துக்கு.

கேள்வி: இந்த லாம்புக்குப் பதிலாக எல்.ஈ.டி பல்ப் போட்டால் ஆயுசுக்கும் மாற்றத் தேவையில்லையாமே?
– மானிப்பாய் வாசகர்

பதில்: தொழிற்சாலையிலேயே எல்.ஈ.டி ஒளியோடு வந்த சில சாம்சுங் டி.எல்.பி ரீவிகள் உண்டு, அவற்றுக்கு லாம்பே கிடையாது. லாம்புக்குச் செய்த ரீவியில் நாங்கள் எல்.ஈ.டி செருகினால் வெளிச்சம் சரியான இடத்தில் குவியாது. பலாஸ்ட் பத்தவைக்கப் பார்த்தும் லாம்பிலிருந்து பதில் வராததால் ரீவி தானே நின்றுவிடும். இந்த ரீவிக்குள் கார் ஹெட்லைற் பல்ப்பைப் போடலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார், அதற்கும் இதே பதில்தான்.