பூமி அளவு கோளுக்கு இரண்டு முக்கோணம் போதும்

கேள்வி: ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகத்தில் சொந்த எஞ்சின் எழுதி, விண்வெளி வியூக விளையாட்டு ஒன்று செய்கிறேன். கோள்கள் நிஜ அளவு. 1 யூனிட் 1 மீட்டர். பூமியைச் சுற்றும் கப்பல்கள் நடுங்குகின்றன. தள்ளிப் போனால் மேகமும் தரையும் மாறிமாறி மினுக்குகின்றன. எல்லாக் கோளுக்கும் குவாட்ட்ரீ மெஷ் (நெருங்க நெருங்க நான்கு நான்காகப் பிரியும் முக்கோண வலை) போட்டதில் ஃபிரேம் வேகமும் படுத்துவிட்டது. எங்கிருந்து சரிசெய்வது?

பதில்: முதலில் குவாட்ட்ரீயைக் கழற்றி வையுங்கள். 1080 வரித் திரை, 60 பாகைப் பார்வைக் கோணம் என்றால், ஒரு மேடு எத்தனை பிக்சல் தெரியும் என்பதற்கு உயரம் ÷ தூரம் × 935 என்பது கணக்கு. எவரெஸ்ட் 8,849 மீட்டர். 8,300 கி.மீ.க்கு அப்பால் அதுவே ஒரு பிக்சலைத் தொடாது. வியூக விளையாட்டில் கேமரா பெரும்பாலும் அதற்கும் அப்பால்தான் நிற்கும்.

அந்தத் தூரத்தில் கேமராவைப் பார்த்த ஒரு சதுரம், அதாவது இரண்டு முக்கோணம், போதும். ஷேடரில் (கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும் சிறு நிரல்) ஒவ்வொரு பிக்சலுக்கும் பார்வைக் கதிர் கோளத்தை எங்கே வெட்டுகிறது என்று கண்டுபிடித்து, அந்தப் புள்ளியிலிருந்தே நார்மலையும் (பரப்புக்குச் செங்குத்தான திசை) டெக்ஸ்சர் (மேலே ஒட்டும் படம்) திசையையும் எடுங்கள். கதிர் கோளத்தை வெட்டாத பிக்சலை வரையாமல் டிஸ்கார்ட் செய்யுங்கள். ஆரத்தை 1 என்று வைத்தே கணக்குப் போட வேண்டும். மேகத்தையும் இதே ஷேடரில் கலந்துவிட்டால் மினுக்கல் பாதி ஒழிந்தது.

சதுரத்தை வைக்கும் இடத்தில்தான் பலர் சறுக்குவார்கள். கோளின் மையத்தில், ஆர அளவு அரை அகலத்தோடு வைத்தால் பக்கங்கள் வெட்டுப்படும். மையத்திலிருந்து கேமரா 2 ஆரத் தூரத்தில் இருந்தால் அங்கே 1.155 ஆரம் தேவை. அதைவிட நல்ல இடம், பார்வைக் கோடுகள் கோளைத் தொட்டுச் செல்லும் வட்டத்தின் தளம். ஆரம் 1 என்றால், மையத்திலிருந்து கேமரா பக்கமாக 1 ÷ தூரம் நகர்த்தி, அரை அகலத்தை √(1 − 1 ÷ தூரம்²) என்று வையுங்கள். இதில் ஒரு கொசுறு லாபமும் உண்டு: கோளுக்கு முன்னும் பின்னும் போகும் கப்பல்கள், ஷேடரில் ஆழம் எழுதாமலே சரியாக மறையும்.

நடுக்கம் கிராஃபிக்ஸ் கார்டின் குறை அல்ல. 32 பிட் ஃப்ளோட்டில் (தசம எண் வகை) 6,371,000 என்ற எண்ணுக்குப் பக்கத்து எண் அரை மீட்டர் தள்ளி இருக்கிறது. சூரியனை மூலப்புள்ளியாக வைத்தால், பூமியருகே அந்த இடைவெளி 16 கி.மீ. இடங்களையெல்லாம் டபுளில் (64 பிட் தசம எண்) வைத்து, சிபியுவிலேயே கேமரா இடத்தைக் கழித்த பிறகு ஃப்ளோட்டாக மாற்றி அனுப்புங்கள்.

மிச்ச மினுக்கல் ஆழ பஃபரின் (ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தூரத்தில் என்று குறித்துவைக்கும் நினைவகம்) வேலை. 24 பிட்டில் அருகு எல்லை (கேமரா வரையத் தொடங்கும் தூரம்) 1 மீட்டர் என்றால், 10,000 கி.மீ.யில் பிரித்தறியும் இடைவெளி ஏறக்குறைய 6,000 கி.மீ. ரிவர்ஸ்-இசட்டுக்கு (அருகில் 1, தொலைவில் 0 என ஆழத்தைத் திருப்பிப் போடும் முறை) மாறுங்கள்: ஆழ வீச்சை கிளிப் கன்ட்ரோல் என்ற ஓப்பன்ஜிஎல் கட்டளை வழியாக 0–1 ஆக்கி, 0 கொண்டு கிளியர் செய்து, ஒப்பீட்டை ‘கிரேட்டர்’ ஆக்குங்கள். விண்டோவோடு வரும் பஃபர் பொதுவாக 24 பிட் முழு எண். அதில் திருப்பிப் போட்டு பலனில்லை. 32 பிட் ஃப்ளோட் ஆழம் கொண்ட சொந்த ஃபிரேம்பஃபரில் (படம் வரையும் நினைவகப் பரப்பு) வரையுங்கள்.

டெக்ஸ்சருக்கு கியூப்மேப் (கனசதுரத்தின் 6 முகங்களாகப் பிரித்த படம்). முகத்துக்கு 4096 பிக்சல் என்றால், பூமியில் பிக்சலுக்குச் சுமார் 2.4 கி.மீ.; பிசி7 என்ற படச் சுருக்க முறையில், மிப்மேப் (தூரத்துக்கென வைக்கும் சிறிதாக்கிய நகல்கள்) நீங்கலாக 96 எம்பி. இதே நுணுக்கத்துக்கு 16384×8192 உலகப்படம் 128 எம்பி கேட்கும். போதாததற்கு படத்தின் இடது, வலது ஓரங்கள் ஒட்டும் தீர்க்கரேகையில், மிப் தேர்வு தடுமாறி, துருவம் முதல் துருவம் வரை மங்கலாக ஒரு மயிரிழைக் கோடு விழும்.

குவாட்ட்ரீ, கேமரா கோளை நோக்கி இறங்கும்போது மட்டும். கனசதுரத்தின் 6 முகங்கள், துண்டுக்கு 33×33 புள்ளிகள். 15ஆம் மட்டத்தில் (15 முறை பிரித்த பிறகு) புள்ளிகளுக்கு இடையே சுமார் 10 மீட்டர். மட்டம் மாறும் விளிம்பில் விரிசல் தெரிந்தால், துண்டின் ஓரத்தைக் கீழே பாவாடைபோல் இறக்குங்கள். 8,000 கி.மீ.யில் மெஷ்ஷுக்கு மாறினால், 9,000இல் சதுரத்துக்குத் திரும்புங்கள். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால், கேமரா எல்லையில் நிற்கும்போது கோள் துடிக்கும்.